கீச்சான் போன கதவு

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவள் என்று கதவக்காவைப் பேசுகிற வாய்களுக்கு முதலில் ஒரு கேள்வி. அவள் எந்த வீட்டில் உண்டாள்? நின்றாள், அவ்வளவுதான். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு கதவுப் பக்கத்தில் நின்று, நின்ற காலுக்குச் சம்பளம் வாங்கினாள். அதற்குப் பெயர் ஒருவர் வீட்டில் உண்பதா?

வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்பது அடுத்த பேச்சு. யார் துரத்தினார்கள்? கழுத்தைப் பிடித்தா, கையைப் பிடித்தா? பார்த்தவர் ஒருவரும் இல்லை. குழாயடியில் ஒருத்தி சொன்னாள், இன்னொருத்தி தலையாட்டினாள், குடம் நிரம்புவதற்குள் அது நடந்த கதையாகிவிட்டது. தராசு ஐயாவைப் போல ஒரு நல்ல மனிதர்மேல் சேற்றை வாரி இறைத்தாள் என்பது மூன்றாவது. அதற்குப் பதில் கொஞ்சம் நீளம். நீளமானாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். தெரு முழுக்க அவளைப் பேசித் தீர்த்தாயிற்று. அவளுக்காக இதுவரை ஒரு வாயும் திறக்கவில்லை.

பஞ்சாலைத் தெருவில், தையல் கடைக்கு மேலே இரண்டு அறை. அதுதான் அவள் வீடு. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் ஆலையில் பஞ்சு கூட்டியவள்தான். புருஷன் நூல் பிரிவில் இருந்தான். ஆலைத் தூசி அவன் நெஞ்சுக்குள் போய்க் குடியேறியது. கடைசிக் காலத்தில் அவன் மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் யாரோ புதுச் செருப்பு போட்டு நடப்பதுபோல 'கீச்... கீச்' என்று கேட்கும். ஒரு நாள் காலையில் அந்தச் சத்தம் நின்றது. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தாள். அவ்வளவுதான், போய்விட்டான்.

துக்கத்துக்குத் தராசு ஐயா வந்தார். தொகுதியின் சட்டசபை உறுப்பினர். ஆளும் கட்சிக்காரர்தான், ஆனால் கட்சி சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற ஆள் இல்லை என்று பெயர். சபையில் எழுந்து நின்று தன் கட்சியையே கேள்வி கேட்பார். இந்தப் பக்கமும் சாயமாட்டார், அந்தப் பக்கமும் சாயமாட்டார் என்றுதான் தராசு என்ற பெயரே வந்தது. பத்திரிகைகள் அவர் பேச்சைப் பெரிய எழுத்தில் போடும். அன்றைக்கு ரப்பர் செருப்போடு வந்து, அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழாதம்மா. நான் இருக்கேன். உனக்கு ஒரு வேலைக்குச் சொல்றேன்" என்றார்.

சொன்னார். சொன்னதைச் செய்தார். அதை இல்லை என்று சொல்ல அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. சட்டசபையில் கதவு திறக்கிற வேலை கிடைத்தது. தெரு அவளுக்குக் கதவக்கா என்று பெயர் வைத்தது.

அந்த வேலை என்னவென்று தெரிந்தால்தான் மற்றது புரியும். அந்தச் சபையில் ஓட்டெடுப்பு என்றால் கையைத் தூக்குவது கிடையாது. மணி அடிக்கும். உறுப்பினர்கள் எழுந்து வெளியே தாழ்வாரத்துக்கு வருவார்கள். தாழ்வாரத்தின் ஒரு முனையில் 'ஆம்' கதவு, மறுமுனையில் 'இல்லை' கதவு. எதில் நுழைகிறார்களோ அதுதான் ஓட்டு. உள்ளே ஒருவர் தலையை எண்ணுவார், எண்ணிக்கையைச் சபையில் படிப்பார்கள். எந்தத் தலை எந்தக் கதவில் போனது என்று எழுதிவைக்கிற வழக்கம் இல்லை. தாழ்வாரத்தில் யாரும் பேசக் கூடாது. கதவு திறக்கிறவர்கள் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. பார்த்தால்தானே நாளைக்கு வெளியே சொல்லத் தோன்றும்? முதல் நாளே தலைமைக் காவலர் சொல்லிவிட்டார்:

"கண்ணு தரையில, கை கதவுல, வாய் வீட்டுல. இந்த மூணும் ஞாபகம் இருந்தா பென்ஷன் வரைக்கும் நிக்கலாம்."

உள்ளே இருக்கிற உறுப்பினர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்தவர்கள் சொல்வதில்லை. எல்லாருக்கும் மறைக்க ஒரு கதவு இருக்கிறது.

அவளை நிறுத்தியது 'ஆம்' கதவில். கனமான தேக்குக் கதவு. குனிந்த தலையோடு நின்றால் வருவது வெறும் கால்கள். மனுஷி பாவம், எத்தனை நாள்தான் தரையையே பார்த்துக்கொண்டிருப்பாள்? கால்களுக்குப் பெயர் வைத்துவிட்டாள். பளபளவென்று மெருகேற்றிய கறுப்பு ஷூவுக்கு 'மாப்பிள்ளை'. குதிகால் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிற செருப்புக்கு 'கடன்காரன்'. எல்லாரையும்விட அவளுக்குப் பழக்கமானது ஒரு மண்ணிற ஷூ. இடது முனையில் கொஞ்சம் கறுத்த தோலில் ஒட்டுப் போட்டது. அடிக்கு ஒரு தரம் கீச்சிடும். அதற்கு 'கீச்சான்' என்று பெயர்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கொழுந்தனிடம் கதை சொல்வாள். கொழுந்தன் என்றால் புருஷனின் தம்பி. அண்ணன் போனபின் அண்ணியோடுதான் இருந்தான். அவனும் ஆலைக்காரன். அவன் நெஞ்சும் கெட்டு, ஜன்னலோரக் கட்டிலோடு ஒடுங்கிவிட்டான்.

"இன்னிக்கும் கீச்சான் வந்தானா அண்ணி?"

"வராம? கீச்சு கீச்சுன்னு ஓடி வந்தான், சோத்துக்குக் கூப்பிட்ட மாதிரி."

"சூடு சொரணை இல்லாத ஜென்மம்! அவன் பொண்டாட்டி என்ன கேட்டாலும் ஆம்னுதான் சொல்லுவான் போல."

"அப்படிப்பட்ட புருஷன் கெடைச்சா எனக்கென்ன கசக்குதா?"

சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும். இருமினாலும் சிரிப்பு நிற்காது. கீழே தையல்கார அம்மா வரைக்கும் கீச்சான் கதை போயிருந்தது. யாராவது எதற்கும் மறுபேச்சு பேசாமல் தலையாட்டினால், "சரியான கீச்சான்டி இவன்" என்று சொல்கிற அளவுக்குத் தெருவில் அந்தப் பெயர் பழகிவிட்டது.

கொழுந்தனின் கட்டிலுக்கு மேலே சுவரில் தராசு ஐயாவின் படம். தேர்தல் வந்தால் அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவருக்காகத் தெருத்தெருவாகப் போவான். "கட்சியைப் பார்த்து ஓட்டுப் போடாதீங்க, மனுஷனைப் பார்த்துப் போடுங்க" என்பான். தராசு ஐயா எழுந்து அரசாங்கத்தை எதிர்த்துப் பேசுவது தாழ்வார ஒலிபெருக்கியில் அவளுக்கும் கேட்கும். கேட்டுவிட்டு, மணி அடித்ததும், அவர் மறுமுனைக் கதவுக்குத்தான் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வாள். அந்தக் கதவில் தன்னை நிறுத்தவில்லையே, நிறுத்தியிருந்தால் அவர் வரும்போது மட்டும் ஒரு சாண் கூடுதலாகத் திறந்திருக்கலாமே என்று மனசுக்குள் ஒரு குறைகூட உண்டு. தெருவுக்கு ரப்பர் செருப்போடு வருகிறவர் சபைக்கு என்ன போட்டுக்கொண்டு போவார் என்று அவள் ஏன் யோசிக்கப் போகிறாள்?

கீச்சான் வராத நாட்களும் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் 'ஆம்' கதவில் கூட்டம் நெரியும். ஒரு கால் வராவிட்டால் ஒன்றும் குறையாது. மறுநாள் பத்திரிகையில், கட்சியை மீறி ஓட்டுப் போட்டதாகத் தராசு ஐயாவே சொன்னார், தைரியசாலி என்று வரும். கொழுந்தன் அதைப் படித்துக் காட்டுவான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றாதது அவள் குற்றமா? தலையைக் குனியச் சொன்னது யார்?

பிறகு அந்தச் சட்டம் வந்தது. ஆலையில் வேலை பார்த்தவனுக்கு நெஞ்சு நோய் வந்தால், அது ஆலையால் வந்தது என்று இனிமேல் யாரும் வழக்குப் போட முடியாது. அவ்வளவுதான் சட்டம். தெருவில் பாதி வீட்டுக்கு அது தலையில் கல். தராசு ஐயா எழுந்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் தழுதழுத்தது.

"என் தொகுதியில ஒரு தெரு இருக்கு. அங்க ராத்திரி பகல்னு இல்லாம இருமல்தான் கேட்கும். அந்த இருமலை இந்தச் சபை கேட்க வேணாமா?"

கதவக்காவின் கண்ணீர் தரையில் சொட்டியது. குனிந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மணி அடித்தது. கால்கள் வந்தன. மாப்பிள்ளை வந்தான், கடன்காரன் வந்தான். ஆனால் வழக்கமான கூட்டம் இல்லை. பல கால்கள் மறுமுனைக்குப் போவது கேட்டது. இன்றைக்கு இழுபறி என்று அவளுக்கே புரிந்தது. கீச்சான் வரவில்லை. அவனுக்கே மனசாட்சி வந்துவிட்டதுபோல என்று நினைத்தாள். மணி நின்றது. நின்றதும் கதவைச் சாத்த வேண்டும். கை தள்ளப் போனது. அப்போது தாழ்வாரத்தில் 'கீச், கீச், கீச்' என்று ஓட்டமும் நடையுமாக வந்தது. மூச்சு வாங்கியது. பாவம், ஓடி வருகிறானே என்று ஒரு நொடி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பழக்கப்பட்ட கால், அதுதான் காரணம். மண்ணிற ஷூ உள்ளே போனது. கதவைச் சாத்தினாள்.

சொற்ப வித்தியாசத்தில் சட்டம் நிறைவேறியது.

மறுநாள் மழை. சபை நடந்தாலும் அவளுக்கு அன்றைக்கு வார விடுமுறை. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கீழே தையல்கார அம்மாவின் குரல் கேட்டது: "ஐயா, பாத்து ஏறுங்க, படி வழுக்கும்!" பிறகு படியில் யாரோ ஏறினார்கள்.

கீச்.

அது சிமெண்ட் படி. சிமெண்ட் கீச்சிடாது. கையில் இருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் அந்தச் சத்தம் மேலே வந்தது. செத்தவன் திரும்பி வந்து அவன் நெஞ்சுச் சத்தத்தோடு படியேறுகிறான் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அறைக்குள் எட்டிப் பார்க்கவே பயந்து, பழக்க தோஷம், தலையைக் குனிந்துகொண்டே போனாள். வாசற்படியில் மண்ணிற ஷூ. இடது முனையில் கறுத்த ஒட்டு.

"சபையிலேருந்து நேரா வர்றேன்மா, செருப்பு மாத்தக்கூட நேரமில்ல" என்றது தராசு ஐயாவின் குரல்.

அவர் கொழுந்தன் பக்கத்தில் நாற்காலி இழுத்து உட்கார்ந்தார். அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

"தோத்துட்டோம் தம்பி. தனி ஆளா நின்னு பார்த்தேன், முடியல. ஆனா விடமாட்டேன்."

"உங்களை மாதிரி இன்னும் நாலு பேர் இருந்திருந்தா போதுங்கய்யா" என்று கொழுந்தன் அழுதான்.

தராசு ஐயாவும் அழுதார். அந்த அழுகை பொய் இல்லை. அதுதான் அவளைக் கடைசிவரை உலுக்கியது. பொய்யாக அழுதிருந்தால் சுலபமாகப் போயிருக்கும். தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். "உடம்பைப் பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். கீச், கீச், கீச். தெருமுனைவரை கேட்டது, அல்லது கேட்டதாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் வீட்டைவிட்டுப் போகவில்லை. குழாயைத் திறந்தால் கீச். ஜன்னல் கொக்கி கீச். கீழே தையல் மிதிகட்டை கீச். கொழுந்தன் திரும்பிப் படுத்தால் கட்டிலா நெஞ்சா என்று தெரியாமல் கீச். எண்ணெய்க் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கீல் கீலாகப் போனாள்.

"என்னக்கா இது, வீட்டுக்கே எண்ணெய் தேய்ச்சு விடறீங்க?" என்றாள் தையல்கார அம்மா. "என் மெஷினுக்கு வேற ஊத்திட்டீங்க. ஜாக்கெட்டெல்லாம் பிசுக்கு. நான் யாருக்குப் பதில் சொல்ல?"

"சத்தம் போடுதுடி."

"மெஷின் சத்தம் போடாம பாட்டா பாடும்?"

சாப்பிட உட்கார்ந்தால் ஒரு நாளும் நினைத்துப் பார்க்காத ஓட்டெடுப்புகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இழுபறியில் அவர் எதிர்த்துப் பேசிய நாள், கீச்சான் வந்த நாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கீச்சான் வராத நாள், அவன் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றும் மாறாத நாள். எத்தனை தரம் தன் கையாலேயே அந்தக் கதவைத் திறந்துவிட்டாள்! கடைசித் தரம், மணி நின்றபிறகும் பிடித்துக்கொண்டு நின்றாளே, அந்தக் கையைச் சோற்றில் வைக்க அவளால் முடியவில்லை. கரண்டியால் சாப்பிட்டாள்.

புருஷன் கனவில் வந்திருந்தால்கூட ஏதாவது கேட்டிருப்பான், பதில் சொல்லியிருக்கலாம். அவன் வரவில்லை. அவன் நெஞ்சுச் சத்தம் மட்டும் மண்ணிற ஷூ போட்டுக்கொண்டு வந்தது.

தேர்தல் நெருங்கியது. கொழுந்தன் கட்டிலில் கிடந்தபடியே ஆட்களைக் கூப்பிட்டு, எந்த வீட்டுக்கு யார் போய் தராசு ஐயாவுக்காகப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மூச்சு போதவில்லை. ஒரு வாக்கியத்துக்கு மூன்று தரம் நிறுத்தினான். மிச்சமிருந்த மூச்சை அவன் எதற்குச் செலவழிக்கிறான் என்று பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. வாய் வீட்டுல என்றுதானே சொன்னார்கள்? இது வீடுதானே? சொல்லிவிட்டாள்.

அவன் முதலில் சிரித்தான். "யாரு, கீச்சானா? அண்ணி, விளையாடாதீங்க."

"விளையாடல தம்பி. அன்னிக்கு இங்க வந்தாரே, அதே ஷூ. அதே ஒட்டு."

"ஒரே மாதிரி ஷூ ஊர்ல ஆயிரம் இருக்கும்."

"ஒட்டு இருக்குமா? சத்தம் இருக்குமா?"

"நீங்க காலைத்தானே பார்த்தீங்க? மூஞ்சியைப் பார்த்தீங்களா?" என்று எழுந்து உட்கார்ந்தான். "உங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்த மனுஷன். அண்ணன் செத்தப்ப தரையில உட்கார்ந்து அழுத மனுஷன். யார் சொல்லிக் கொடுத்து இப்படிப் பேசறீங்க?"

"யாரும் சொல்லல. என் காது சொல்லுது."

"உங்க காது எண்ணெய்க் குப்பியும் கையுமா அலையற காது. தெருவே சிரிக்குது."

அது அவளுக்கு எங்கே போய்ப் பட்டதோ. எழுந்து சமையலறைக்குப் போனாள். அவன் குரல் பின்னால் வந்தது, இப்போது கோபமில்லை, கெஞ்சல்.

"அண்ணி, நாளைக்கு ஆலைச் சட்டம் இன்னொண்ணு வருது. தூசி வடிகட்டி வைக்கறதை இன்னும் தள்ளிப் போடலாமாம். அவர் எதிர்த்துப் பேசுவார், நான் ரேடியோல கேட்பேன். நீங்க ஒரே ஒரு தரம் தலையைத் தூக்கிப் பாருங்க. அவர் மூஞ்சியா இருந்தா இந்தப் படத்தை நானே கழட்டறேன். இல்லைன்னா நீங்க அவர் கால்ல விழணும்."

"தலையைத் தூக்கினா வேலை போயிடும் தம்பி."

"எனக்கு வேற என்ன இருக்கு அண்ணி, இதை நம்பறதைத் தவிர?"

சுவருக்கும் காது இருந்தது. தையல்கார அம்மாவின் காது வழியாக மறுநாள் விடிவதற்குள் தெரு முழுக்கச் செய்தி: கதவக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, தராசு ஐயாவைத் திட்டுகிறாள். காலையில் அவள் வேலைக்குக் கிளம்பியபோது குழாயடியில் பேச்சு சட்டென்று நின்றது. சொந்தக்காரியைப் பார்ப்பதுபோல அல்ல, வழி தவறி வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அன்றைக்கு மத்தியானம் ஒலிபெருக்கியில் அவர் பேசினார். நன்றாகப் பேசினார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேட்கக் கேட்க அவள் மனசு இளகியது. ஐயோ, நான்தான் தப்போ, எனக்குத்தான் கிறுக்கோ என்று நினைத்தாள். அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இன்றைக்கு அந்தக் கால் மறுமுனைக்குப் போகட்டும், வீட்டுக்குப் போய்க் கொழுந்தன் எதிரில் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், தெரு சிரித்தால் சிரிக்கட்டும்.

மணி அடித்தது. கால்கள் வந்தன. ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்துவிட்டாள். கூட்டம் குறைவுதான், இன்றைக்கும் இழுபறி.

கீச்.

தாழ்வாரத்தின் நடுவில் சத்தம் ஒரு கணம் நின்றது. எந்தப் பக்கம் என்று யோசிப்பதுபோல. அந்த ஒரு கணம்தான் அவள் வாழ்நாளிலேயே நீளமானது. பிறகு இந்தப் பக்கம் வரத் தொடங்கியது. மண்ணிற ஷூ வந்து அவள் எதிரில், கதவு திறப்பதற்காக, நின்றது. அவள் ஷூவைப் பார்த்தாள், கால்சட்டையைப் பார்த்தாள், பொத்தான்களைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். முகத்துக்கு வர மனசில்லாமல் அங்கேயே கொஞ்சம் நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

அவர்தான்.

அவர் திடுக்கிடவில்லை. பேசிய பேச்சின் ஈரம் இன்னும் கண்ணில் இருந்தது. துக்க வீட்டில் பார்த்த அதே பரிவான முகம். பேசக் கூடாத தாழ்வாரத்தில், அவளுக்காக, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பிக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?"

"இருமறான்" என்றாள்.

"பார்த்துக்கலாம். நான் இருக்கேன்ல." அவர் கதவைக் கண்ணால் காட்டினார். "திறம்மா, மணி நின்னுடும்."

கதவக்கா கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். அவ்வளவுதான் செய்தாள். திட்டவில்லை, வழியை மறிக்கவில்லை. தேக்குக் கதவு கனம். அதை அவர் ஒரு நாளும் தானாகத் திறந்ததில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஷூ வழுக்கியது, கீச்சிட்டது. கடைசியில் நுழைந்துவிட்டார். நுழையாமல் இருப்பாரா?

அவள் தாழ்வாரத்தில் நடந்தாள். பின்னால் யாரோ, "கதவு! கதவுல யாரு?" என்றார்கள். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பெரிய வாசலில் அவளோடு வேலை பார்க்கிற காவலாளி தலையைக் குனிந்து நின்றான். அவளுடைய தேய்ந்த செருப்பைப் பார்த்ததும் கண்டுகொண்டான்.

"அக்கா? மணி அடிக்குது, எங்க போறீங்க?"

"வீட்டுக்கு."

"அப்ப கதவு?"

"கை இருக்கறவங்க தெறந்துக்கட்டும்."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. ஆனால் அவளுக்காக வாசல் கதவை, வழக்கத்தைவிட ஒரு சாண் கூடுதலாகத் திறந்து பிடித்தான். வெளியே வெயில். அங்கே வீட்டில் ஒருவன் ரேடியோவை அணைத்துவிட்டு, படத்துக்குக் கீழே, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருப்பான். படியிறங்கும்போது கூடவே அந்தச் சத்தம் வந்தது. பின்னால் வருகிற ஷூவா, கேட்டுக் கேட்டுப் பழகிய காதா, ஒரு காலத்தில் பஞ்சு கூட்டிய தன் நெஞ்சேதானா என்று அவள் நின்று பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தியபடியே இறங்கி வெளியே போனாள்.